அருட்பா சண்டையும் என் 47 ஹார்ட்டும்

ஓம் சரவணபவ. 

இந்த வாரம் கிருத்திகை விரதம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். அதுக்கு முன்னாடி என்னோட ஒரு தப்பைப் பற்றிச் சொல்லியாகணும். நம்ம குரூப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் அந்தத் தப்புக்கு ஹார்ட் போட்டிருக்கீங்க. அதனால இதையும் கொஞ்சம் பொறுமையா படிச்சுடுங்க.

போன தைப்பூசத்துக்கு நானும் ரெண்டு நண்பர்களும் பாண்டியிலிருந்து வடலூர் போயிருந்தோம். "தைப்பூசத்துக்கு மயிலம் போகாம வடலூர் ஏன்டா?" என்று அப்பாவே கேட்டார். வள்ளலாரும் நம்ம ஆள்தான்ப்பா என்றேன். உண்மைதானே. 1823-ல் சிதம்பரம் பக்கத்தில் மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணறில் அண்ணன் வீட்டில் வளர்ந்த பையன் அவர். பாடம் படிக்க அனுப்பினால் கந்தகோட்டத்தில் போய் நிற்பார். தெய்வமணிமாலை அந்தக் கந்தகோட்டத்து முருகன் மேல் பாடியதுதான். வீட்டு அறையில் கண்ணாடியை வைத்துத் தியானம் செய்தபோது அதில் தணிகை முருகன் தெரிந்தார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள்.

ஏழு திரையும் விலகி ஜோதி தெரிந்த அந்த நொடி பற்றி எழுத எனக்கு வார்த்தை வராது, விடுங்க. தருமசாலையில் சாப்பிட்டோம். 1867 மே 23-ல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரியுது. மனசு நிறைஞ்சு போய் பஸ் ஏறினேன்.

அந்த நிறைவோடயே வீட்டுக்குப் போயிருக்கலாம். குறிஞ்சிப்பாடி தாண்டி கடலூர் மஞ்சக்குப்பம் வந்தப்போ, எப்பவோ யாரோ அனுப்பிய ஒரு கதை ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். வள்ளலார் மேல் ஆறுமுக நாவலர் வழக்குப் போடுகிறார். மஞ்சக்குப்பம் கோர்ட். வள்ளலார் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். வழக்குப் போட்ட நாவலரும் தன்னை அறியாமல் எழுந்து கும்பிடுகிறார். நீதிபதி அதைப் பார்த்துவிட்டு வழக்கைத் தள்ளிவிடுகிறார். இதை நல்லா மசாலா போட்டு டைப் பண்ணினேன். கடைசியில் என் சொந்தச் சரக்கு ஒரு வரி: படிப்புத் திமிர் பக்திக்கு முன்னால எழுந்துதான் நிக்கணும்.

கன்னியக்கோயில் வருவதற்குள் இருபது ஹார்ட். அரியாங்குப்பம் பாலத்தில் முப்பத்தைந்து. வீட்டில் செருப்பைக் கழட்டும்போது நாற்பத்தேழு. அம்மா "தரிசனம் நல்லா கிடைச்சுதா?" என்று கேட்கிறாங்க, நான் போனைப் பார்த்துக்கிட்டே "ம்" என்கிறேன். யார் யார் போட்டாங்க, யார் இன்னும் போடலை என்று பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஜோதி பார்த்த கண்ணு, மூணு மணி நேரத்தில் இந்த வேலைக்கு வந்துடுச்சு.

பாண்டியில் எந்தக் குரூப்பை எடுத்தாலும் பாரிஸில் ரெண்டு பேராவது இருப்பாங்க. நம்ம குரூப்பில் ஒரு ஐயா இருக்கார். அவர் பாண்டிக்காரர் இல்லை, யாழ்ப்பாணம் நல்லூர்க்காரர். பல வருஷத்துக்கு முன்னால் ஊரை விட்டுப் போய் பாரிஸில் இருக்கிறார். தினமும் காலையில் நமக்கு நல்லூர்க் கந்தன் படம் அனுப்புவாரே, அவர்தான். அவர் என் பதிவுக்குக் கீழே ரெண்டே வார்த்தை போட்டிருந்தார்: "நல்லது தம்பி." நான் சந்தோஷமாக ஒரு கும்பிடு போட்டேன்.

அஞ்சு நாள் கழித்துத்தான் உறைத்தது. காலையில் நல்லூர் படம் வருவதே இல்லை. பழைய மெசேஜைப் போய்ப் பார்த்தேன். ஹார்ட் போட்ட நாற்பத்தேழு பேரில் ஐயா இல்லை. அப்போ அந்த "நல்லது தம்பி"? எங்க ஊரில் நல்லது என்றால் பாராட்டு. வேற மாதிரியும் சொல்லலாம் இல்லையா? பேச்சை முடிச்சுட்டு எழுந்து போறவர்கூட "நல்லது, வரேன்" என்பார். அதே எழுத்து, அதே ரெண்டு வார்த்தை. நான் எனக்குப் பிடிச்ச மாதிரி படிச்சுட்டேன்.

இந்த வியாதி எனக்குப் புதுசு இல்லை. ஆபீஸில் நான் எழுதின கோடைப் பார்த்துட்டு சீனியர் "பார்த்தேன்" என்று மட்டும் போட்டால், அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. பார்த்தேன்னா? பிடிச்சுதா, பிடிக்கலையா? ஒரு தடவை இதுவே திரும்பி நடந்தது. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு எழுதின கோடுக்குக் கீழே "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டேன். நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன். அவங்க ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து மொத்தத்தையும் அழிச்சுத் திரும்ப எழுதியிருக்காங்க. முதல்ல எழுதினதே சரி! வீட்டில் அப்பா "உன் இஷ்டம்" என்பார். அது என் இஷ்டம் இல்லைன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அவர் முகம் தெரியும், குரல் தெரியும். மெசேஜில் அது ரெண்டும் வராது.

சரி, நாவலர் யாருன்னே தெரியாம அவர் திமிரைப் பற்றி எழுதிட்டோமே என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். இனிமேல் வருவதுதான் இந்த வாரப் பாடம்.

ஆறுமுக நாவலர் 1822 டிசம்பரில் பிறந்தவர், வள்ளலாரைவிட பத்து மாதம் மூத்தவர். ஊர், நல்லூர். அப்பா பெயர் கந்தர். பிள்ளைக்கு வைத்த பெயர் ஆறுமுகம். பாருங்க, நான் "எதிர்ப்பக்கம்" என்று கிண்டல் பண்ணின மனுஷன் பெயரிலேயே நம்ம சாமி உட்கார்ந்திருக்கார். இளமையில் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே வேலை பார்த்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழில் பெயர்க்க உதவினார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அச்சுக்கூடம் வைத்தார். திருமுருகாற்றுப்படையையும் கந்தபுராணத்தையும் அச்சில் கொண்டுவந்தவர்களில் அவர் ஒருவர். ஓலைச்சுவடி எழுத்தெண்ணிப் படிக்கத் தெரிந்த கொஞ்சம் பேரிடம் மட்டும் இருந்த நூல்கள் வீட்டுக்கு வீடு போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சிதம்பரத்திலும் 1864-ல் ஒரு பள்ளி ஆரம்பித்தார்.

இப்போ வள்ளலார் பக்கம் வாங்க. அவருக்குத் தன் பாட்டுகளை அச்சில் போடணும் என்ற அவசரமே இல்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர்தான் பாட்டுகளைக் கொடுங்க கொடுங்க என்று கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார். ஒரு கட்டத்தில் பாட்டு வந்து சேரும் வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று இருந்துவிட்டார். அதைக் கேட்டு வள்ளலார் பதறி, முதல்ல சாப்பிடுங்க, அனுப்புகிறேன் என்று பதில் எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்றைக்கும் இருக்கு. இன்னொரு கடிதத்தில் அவர் கேட்டுக்கொண்டது ஒரே ஒரு விஷயம்: என் பெயரோடு 'சாமி' என்று சேர்த்துப் போடாதீங்க, அது ஆரவாரமாகத் தெரியுது, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டது சிதம்பரம் இராமலிங்கம் என்றுதான்.

என்னை நினைச்சுப் பார்த்தேன். குரூப்பில் ஒருத்தர் என்னை "முருகனடிமை ப்ரோ" என்று கூப்பிட்டதும் ப்ரொஃபைல் பெயரையே மாத்தினவன் நான்.

1867-ல் முதல் நான்கு திருமுறைகள் அச்சாகி வந்தன. தொழுவூர் வேலாயுத முதலியார் என்ற மாணவர்தான் பதிப்பித்தார். நூலுக்குத் 'திருவருட்பா' என்று பெயர். பகுதிகளுக்குத் 'திருமுறை' என்று பெயர். ஆசிரியருக்குத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று பட்டம். மூன்றும் அன்பர்கள் வைத்தது. பட்டத்தைப் பார்த்த வள்ளலார், நான் வள்ளல் இல்லையே என்று கவலைப்பட்டு, அதை 'திருவருட்பிரகாச வள்ளல் ஆர்?' என்று பிரித்துக் கேள்வியாக்கிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆர் என்றால் யார். ஒரே எழுத்துக் கோவை, ரெண்டு இடத்தில் உடைத்தால் ரெண்டு அர்த்தம். என் தொழிலில் இதுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கோம்.

நாவலர் தரப்புக்கு அந்த அட்டை எப்படித் தெரிந்திருக்கும்? தேவாரம், திருவாசகம் போன்றவை இறைவன் அருளால் பிறந்த பாட்டு என்பதால் அவற்றுக்கு அருட்பா என்று பெயர். திருமுறை என்பது பன்னிரண்டோடு முடிந்த வரிசை. உயிரோடு இருக்கும் ஒருவர் பாட்டுக்கு அந்த ரெண்டு பெயரையும் போட்டு, கோயிலில் தேவாரம் பாடும் இடத்தில் அதைப் பாட ஆரம்பித்தால்? மிஷனரிகளோடு வாதாடி, சைவ நூல்களுக்கு ஒரு வரம்பு கட்டி, பிழையில்லாமல் அச்சிட்டு வாழ்நாளைக் கொடுத்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சேன். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் வேகம் அதிகம், வள்ளலார் பாட்டின் ஈரத்துக்கு அவர் பக்கம் இடமே இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனா திமிர் என்ற ஒரே வார்த்தையில் அடைக்கிற ஆள் இல்லை அவர்.

1869-ல் 'போலியருட்பா மறுப்பு' வந்தது. அருட்பா இல்லை, மருட்பா என்றார்கள். (இலக்கணத்தில் மருட்பா என்பது திட்டே கிடையாது. வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடியும் ஒரு பாவகை, அவ்வளவுதான். பாவம் அந்த வார்த்தை.) வள்ளலாரைச் சார்ந்தவர்கள் மறுப்புக்கு மறுப்பு எழுதினார்கள். அதே வருஷம் மஞ்சக்குப்பம் கோர்ட் வரை போனது. உள்ளே என்ன நடந்தது என்பதில் ரெண்டு பக்கமும் ரெண்டு கதை சொல்லுது. எழுந்து நின்று கும்பிட்டார் என்பது ஒரு பக்கத்துக் கதை. சிதம்பரத்துத் தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விழுந்தது, ஜெயித்தது நாவலர் என்பது இன்னொரு பக்கத்துக் கதை. நான் ஃபார்வர்ட் பண்ணினது ஒரு பக்கத்து ஸ்க்ரீன்ஷாட். அதையும் க்ராப் பண்ணித்தான் போட்டேன்.

1874 தைப்பூசத்தன்று மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் போய்விட்டார். 1879-ல் நாவலரும் போய்விட்டார். சண்டை போகலை. 1900-களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளை மருட்பா என்று பேச, நாகர்கோவில் பக்கம் இடலாக்குடி செய்குதம்பிப் பாவலர் அருட்பாதான் என்று மேடை ஏறினார். பாவலர் முஸ்லிம் என்பதைக் கவனிங்க. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் ரொம்பப் பிடிச்ச இடம் அது. ப. சரவணன் இந்தக் கண்டன நூல்களையெல்லாம் தேடித் திரட்டித் தடிமனான ஒரு தொகுப்பாகப் போட்டிருக்கிறார். புரட்டிப் பார்த்தால் நம்ம குரூப் சண்டை எவ்வளவோ தேவலாம் என்று தோணும்.

மறுப்பு எழுதியவர்கள் எல்லாரும் தங்களைப் புரிய வைக்கத்தான் எழுதினார்கள். ஒருத்தரும் அடுத்த பக்கத்துக்குப் புரிய வைத்த மாதிரி தெரியலை. அந்த நேரத்திலும் வடலூரில் அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தது. தைப்பூசத்தன்னிக்கு எனக்குச் சோறு போட்டவர் நீ அருட்பா கட்சியா மருட்பா கட்சியா என்று கேட்கலை.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயத்தைப் பள்ளிக்கூட இலக்கணத்தில் சொல்றேன். பொற்குடம் என்றால் பொன்னால் ஆன குடம். பால்குடம் என்றால்? மயிலத்துக்கு நாம எடுத்துட்டுப் போறோமே, அது பாலால் ஆன குடமா? பாலை உடைய குடம். ரெண்டுக்கும் வடிவம் ஒண்ணுதான். நடுவில் இருக்கும் 'ஆல்', 'ஐ' என்ற உருபு மறைஞ்சு நிக்குது. அதுக்குப் பெயர் தொகை. மறைஞ்சதைப் படிக்கிறவர்தான் போட்டுக்கணும். அருட்பா என்பதும் தொகைதான். அருளால் வந்த பா என்று விரித்தால் அது பெரிய உரிமை கோரல். அருளை வேண்டிப் பாடிய பா என்று விரித்தால் ஒரு பக்தனின் விண்ணப்பம். நாவலர் தரப்பு முதல் மாதிரி விரித்துக் கோபப்பட்டது. ஊர் ஜனம் எதையும் விரிக்காமல் பாடிட்டுப் போனது.

வாட்ஸ்அப்பில் நாம போடும் ஒவ்வொரு மெசேஜும் தொகைதான். குரல், முகம், முந்தின நாள் நடந்த சண்டை, எல்லாம் மறைஞ்சு நிக்கும். "பார்த்தேன்", "சரி", "நல்லது தம்பி". படிக்கிறவர் தன் மனசில் இருக்கும் உருபைப் போட்டு விரிச்சுக்குவார். நான் நினைச்ச மாதிரியே விரிச்சவங்க ஹார்ட் போடுவாங்க. வேற மாதிரி விரிச்சவங்க சத்தம் போடாம போனை வெச்சுடுவாங்க. அதனால எண்ணிக்கை ஏற ஏற, எல்லாருக்கும் நான் சொன்னது புரிஞ்சுடுச்சு என்ற நினைப்பும் ஏறும். 47 வரைக்கும் எனக்கு அப்படித்தான் ஏறிச்சு.

இதுக்கு நான் பண்ண ஆரம்பிச்சிருக்கும் ஒரு சின்னப் பயிற்சி, வேணும்னா நீங்களும் செய்து பாருங்க. ஒரு வரி எழுதினதும், இதை விரும்பப் போகும் ஆளை விட்டுட்டு, குரூப்பில் எனக்கு ரொம்பத் தெரியாத ஒருத்தரை நினைச்சுக்கிட்டு அதை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கிறேன். மனசுக்குள்ள படிச்சா போதாது, வாய்விட்டுத்தான். மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸில் அதை வாய்விட்டுப் படிச்சிருந்தா, அந்தத் 'திமிர்' என் வாயிலேயே மாட்டியிருக்கும். அடுத்தவர் மெசேஜ் புரியலைன்னா, நானே விரிக்காம "என்ன சொல்ல வரீங்க, ஃபோன் பண்ணட்டுமா?" என்று கேட்கிறேன். ஆபீஸில் இதுக்காக ரெண்டு பேர் என்னைக் கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும்.

ஐயாவுக்கு ஃபோன் பண்ண எனக்கு மூணு நாள் ஆச்சு. முதலில் ஒரு நீள மெசேஜ் டைப் பண்ணினேன், நான் அந்த அர்த்தத்தில் சொல்லலை என்று ஆரம்பிச்சு. அழிச்சேன். திரும்ப எழுதினேன். மன்னிப்பு மாதிரி இருந்தாலும், அதில் முக்கால்வாசி நான் நல்லவன்தான் என்று அவர் சொல்லணும் என்ற ஆசைதான் இருந்தது. அப்போதான் பழநி ஞாபகம் வந்தது. நம்ம சாமியே மாம்பழ விஷயத்தில் கோவிச்சுக்கிட்டு முதல் ஆளா குரூப்பை விட்டுப் போனவர்தானே. அம்மையும் அப்பனும் ஓலை எழுதி விளக்கம் அனுப்பலை, மலைக்கே தேடிப் போனாங்க.

இங்கே ராத்திரி ஒன்பது மணி, பாரிஸில் சாயங்காலம் நாலரை. ரெண்டாவது ரிங்கில் எடுத்தார்.

"சொல்லுங்கோ தம்பி."

ஐயா, அன்னிக்கு நாவலரைப் பற்றி எழுதினது தப்பு, படிக்காம எழுதிட்டேன், மன்னிச்சுடுங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அதுக்கே குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"நான் கோவிக்கேல்லை. கோவிச்சிருந்தா குரூப்பை விட்டுப் போயிருப்பன்."

"அப்புறம் ஏன் ஐயா நல்லூர் படம் போடலை?"

"போன் கீழ விழுந்து கண்ணாடி உடைஞ்சு போச்சுது. திருத்தக் குடுத்திருந்தன். நேற்றுத்தான் வந்தது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. எட்டு நாளா அவர் மௌனத்துக்கு நான் எத்தனை உருபு போட்டு விரிச்சிருக்கேன்!

"ஆனா நோகேல்லை எண்டு சொல்ல மாட்டன் தம்பி" என்றார் கொஞ்சம் கழித்து. "என்ர அம்மா வள்ளலாரின்ர பாட்டுப் பாடித்தான் விளக்குக் கொளுத்துறவ. அந்த வீட்டு அலுமாரியிலதான் நாவலரின்ர பாலபாடமும் இருந்தது. நாங்கள் அதிலதான் எழுத்துப் படிச்சனாங்கள். ரெண்டும் ஒரே தட்டு."

நான் ஒண்ணும் பேசலை.

"சரி, நாவலர் எழும்பி நிண்டவர் எண்டு உங்களுக்கு ஆர் தம்பி சொன்னது?"

ஆர். யாரோ அனுப்பினாங்க ஐயா என்றேன். அவர் சிரித்த சிரிப்பு பாரிஸிலிருந்து நல்லாவே கேட்டது.

அன்னிக்கு ராத்திரியே குரூப்பில் திருத்தம் போட்டேன். மஞ்சக்குப்பம் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு, நான் எழுதின கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கறேன் என்று. ஆறு ஹார்ட். ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணி, "ப்ரோ, நீங்க இப்போ வள்ளலாருக்கு எதிரா?" என்று கேட்டார். ஃபோன் பண்ணட்டுமா என்று கேட்டேன். இன்னும் பதில் வரலை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நல்லூர் கோபுர வாசல் படம் வந்தது.

அடுத்த வாரம் கிருத்திகை விரதம், இந்தத் தடவை நிச்சயமா.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!